எந்தக் கோயிலுக்குப் போவது? சேமக்காலையில் இருந்து தொடங்குங்கள்

இடமாற்றம் கிடைத்து மட்டக்களப்புக்கு வரும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு முதல் தலையிடி வாடகை வீடு. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை. நகரத்துக்குள் மட்டும் கத்தோலிக்கரின் மரியன்னை பேராலயம், மெதடிஸ்த ஆலயம், அங்கிலிக்கன் சபையின் அந்திரேயா ஆலயம், சீயோன் சபை என்று இருக்கின்றன. கொஞ்சம் தள்ளினால் தாண்டவன்வெளியில் காணிக்கை மாதா. பாலம் கடந்து கல்லடிக்குப் போனாலும், வடக்கே செங்கலடி, வாழைச்சேனைப் பக்கம் போனாலும், கடை மாடியிலும் வீட்டு விறாந்தையிலும் தகரக் கூரையின் கீழும் நடக்கும் சபைகளை எண்ணி முடியாது.

இதற்குள் ஒன்றைத் தெரிவு செய்யப் பெரும்பாலானோர் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டுதான்: "பாட்டு நல்லா இருந்திச்சு", "பாஸ்டர் நல்லாக் கதைக்கிறார்." இரண்டும் ஒரு மணி நேரத்துக்குப் போதுமான காரணங்கள். ஆனால் பிள்ளையின் பெயர் ஏறும் பதிவேடும், கலியாணத்துக்குக் கையெழுத்து வைக்கும் மேசையும், கடைசியில் மண் போடும் இடமும் அந்தக் கோயிலோடுதான் வருகின்றன. ஆகவே தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன். முதலில் சேமக்காலை என்ற கல்லறைத் தோட்டம், பிறகு கலியாணம், பிறகு ஞானஸ்நானம். பாட்டு பின்னால் வரட்டும்.

மண் போடும் இடம்

கத்தோலிக்கப் பங்குகளுக்கும் (ஒரு பாதரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரங்கள்) பழைய மெதடிஸ்த சபைகளுக்கும் பெரும்பாலும் தங்களுக்கென்று சேமக்காலை உண்டு, அல்லது பொதுச் சேமக்காலையில் ஒதுக்கிய பகுதி உண்டு. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் தொடங்கிய சிறு சபைகள் பலவற்றுக்கு இல்லை. இது சாதாரண நாளில் யாருக்கும் தோன்றாத விஷயம். சாவு வீட்டில்தான் தெரியவரும். உள்ளூர் மயானத்தை ஊர்ப் பெரியவர்களோ சைவக் கோயில் நிர்வாகமோ பார்த்துக்கொள்ளும் கிராமங்களில், "வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) போனவங்களுக்கு இஞ்ச இடமில்ல" என்று ஒருவர் சொன்னால் போதும். உடல் வீட்டில் கிடக்க, பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் ஓட வேண்டியிருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் அந்த ஓட்டத்தை யாருக்கும் விதிக்கக் கூடாது.

கேட்க வேண்டியவை இவை. சேமக்காலை யாருடைய பெயரில் இருக்கிறது? சபையின் காணியா, மாநகர சபை அல்லது பிரதேச சபையின் காணியா, யாரோ ஒருவர் வாய்வார்த்தையில் விட்ட துண்டா? கணவன் சபை அங்கத்தவர், மனைவி இன்னும் சைவம் என்றால் அவருக்கும் அங்கே இடம் கிடைக்குமா? கல்லறை கட்டலாமா, அல்லது சில வருடங்களுக்குப் பிறகு அதே குழியை இன்னொருவருக்குத் திறப்பார்களா? குழி வெட்டுவதற்கும் மணி அடிப்பதற்கும் பாடகர் குழுவுக்கும் யார் பணம் கொடுப்பது? இவற்றைக் கேட்கக் கூச்சப்படுவோர் அதிகம். எந்த நல்ல பாதரும் போதகரும் இதற்குக் கோபிக்கமாட்டார்கள், அவர்களுக்கு இது வாராந்த வேலை.

எரிப்பது பற்றியும் ஒரு சொல். கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் உடல் தகனத்தை அனுமதிக்கிறது. சாம்பலைக் கடலில் கரைப்பதையோ வீட்டில் வைப்பதையோ அனுமதிப்பதில்லை, புனிதமான ஓரிடத்தில் வைக்கச் சொல்கிறது. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் அடக்கத்தையே விரும்பும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது.

சாவு வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரே குடும்பத்துக்குள் அக்கா மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்குப் போவார், தங்கை கத்தோலிக்கப் பூசைக்குப் போவார், தம்பி பெந்தெகொஸ்தே. சைவச் சொந்தங்கள் வந்து மாலை போட்டு வாய்க்கரிசி போட வரும்போது போதகர் என்ன செய்வார்? சிலர் ஒதுங்கி நின்று இடம் கொடுப்பார்கள். சிலர் ஒலிவாங்கியைப் பிடித்து, அழுதுகொண்டிருக்கும் பெரியம்மாவுக்கு அங்கேயே பிரசங்கம் வைப்பார்கள். இரண்டாவது வகை சபையில் சேர்ந்தால் உங்கள் சொந்தம் உங்களுடைய சாவு வீட்டில்தான் உடையும். சேர்வதற்கு முன் அந்தச் சபை நடத்தும் ஒரு மரண ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்து பாருங்கள். நாலு ஞாயிறு போய்க் கற்பதை அந்த ஒரு பின்னேரத்தில் கற்கலாம்.

கலியாண மேசை

சட்டப்படி செல்லும் விவாகமும் கோயில் திருமணமும் ஒன்றாக நடக்க, அந்த வழிபாட்டு இடம் விவாகம் நடத்துவதற்கெனப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நடத்தி வைப்பவரும் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஏற்கும் குருவாக இருக்க வேண்டும். பழைய ஆலயங்களில் இது பிரச்சினையில்லை. புதிய சபையானால் நேரே கேளுங்கள்: "இங்கே நடக்கும் கலியாணத்தை இங்கேயே பதியலாமா, பதிவாளரைத் தனியாகக் கூப்பிட வேண்டுமா?" பதிய முடியாவிட்டால் குற்றமில்லை, விவாகப் பதிவாளரிடம் பதிந்துவிட்டு சபையில் ஆசீர்வாத ஆராதனை வைக்கலாம். ஆசீர்வாதத்தை மட்டும் வைத்துவிட்டுப் பதிவை மறந்த தம்பதிகள்தான் பிறகு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்துக்கும் விசாவுக்கும் அலைகிறார்கள்.

மாப்பிள்ளை கத்தோலிக்கம், பெண் மெதடிஸ்தம் என்றால் பேச்சு வீட்டில்தான் சூடேறும். உண்மையான விதி அவ்வளவு கடுமையானதல்ல. ஆயரின் அனுமதி எடுக்க வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கத் தரப்பு மட்டும். மற்றவருக்கு அது தெரியப்படுத்தப்படும், அவர் கையெழுத்துப் போடத் தேவையில்லை. "பொம்பிளை மதம் மாறினால்தான் கலியாணம்" என்று சொல்லும் மாமியைப் பங்குத்தந்தையிடம் கூட்டிக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் விஷயம் தெளியும். ஞானஸ்நானம் பெறாத சைவத் துணையானால் அனுமதி வேறு வகை. அதற்கு விதிவிலக்கு வேண்டும், அது இல்லாமல் செய்த திருமணம் திருச்சபையின் பார்வையில் செல்லாது. அதேபோல் கத்தோலிக்கர் ஒருவர் ஆயரிடம் விலக்குப் பெறாமல் வேறு சபையில் கட்டிய கலியாணமும் அங்கே செல்லாது. சரிப்படுத்தும் வழி உண்டு, போய்க் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது ஞானஸ்நானச் சான்றிதழ். வீட்டில் மடித்து வைத்திருக்கும் பழையது உதவாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய பிரதி கேட்பார்கள். காரணம், ஒருவர் திருமணம் செய்தால் அந்தச் செய்தி அவர் திருமுழுக்கு (ஞானஸ்நானத்துக்குக் கத்தோலிக்கர் சொல்லும் பெயர்) பெற்ற பங்கின் பதிவேட்டில், அவருடைய பெயருக்குப் பக்கத்திலேயே எழுதப்படும். புதிய பிரதியில் அது தெரிந்துவிடும். பிறகு ஓலை வாசிப்பு (கலியாணத்தைக் கோயிலில் முன்கூட்டி அறிவிப்பது), திருமண ஆயத்த வகுப்பு. ஆகவே திகதி குறிப்பதற்கு ஆறு மாதம் முன்னரே பங்குத்தந்தையைக் காணுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டு ஓடி வருவதுதான் வழக்கமான பிழை.

பதிவேடே இல்லையென்றால்? 1978 நவம்பர் சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி எல்லாவற்றையும் இந்தக் கரை கண்டிருக்கிறது. பழைய புத்தகங்கள் அத்தனையும் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். கத்தோலிக்கச் சட்டத்தில் இதற்கு எளிய வழி இருக்கிறது: நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சி போதும். ஞானப்பெற்றோர், அன்று கோயிலில் நின்ற பெரியம்மா, யாராவது. வளர்ந்த வயதில் திருமுழுக்குப் பெற்றவரானால் அவருடைய சத்தியமே போதும். அந்தச் சாட்சி உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

சபை மாற நினைப்பவருக்கு அதிகம் குழப்பம் தருவது ஞானஸ்நானம். தண்ணீராலும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற பெயராலும் கொடுக்கப்பட்டதென்றால் மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கர் ஏற்கிறார்கள், மீண்டும் கொடுப்பதில்லை. விசுவாச அறிக்கையும் உறுதிப்பூசுதலும் கொண்டு சேர்ப்பார்கள். மறுபக்கம், பப்டிஸ்ட், அசெம்பிளி ஒப் கோட் போன்ற சபைகள் குழந்தைக்குத் தெளித்ததை ஞானஸ்நானமாக எண்ணுவதில்லை. அறிவு வந்த வயதில் முழுகச் சொல்வார்கள். அம்மாவும் அப்பாவும் குழந்தையில் பெற்றதைப் பொய் என்று சொல்லும் சடங்காக வீட்டார் அதை எடுத்துக்கொள்வதால் இங்கே மனத்தாங்கல் பலமாக வரும். முழுகுவதற்கு முன் வீட்டில் கதைத்துவிடுங்கள், முகநூல் படத்தில் அவர்கள் பார்க்கக் கூடாது.

யெகோவாவின் சாட்சிகள் திரித்துவத்தை ஏற்பதில்லை, அவர்களுடைய ஞானஸ்நானத்தை மற்றச் சபைகள் ஏற்பதுமில்லை. இரத்தம் ஏற்றுவதையும் மறுப்பார்கள். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் ஒருவர் இதைத் தெரியாமல் சேரக் கூடாது. இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் (அப்பமும் இரசமும் பகிர்வது) சடங்காகவே இல்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை சனிக்கிழமை கூடும், எனவே சனிக்கிழமை வேலை நாளாக இருப்பவருக்கு வாரா வாரம் இழுபறி. சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் 1920களில் கொழும்பில் தொடங்கியது. ஊழியர் திருமணம் செய்வதில்லை, விசுவாச வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள், வெள்ளை உடுப்பு, நகையில்லை, மருந்தில்லை. தாலியையும் தோட்டையும் கழற்ற மனமில்லாதவர் முதலிலேயே அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஞானப்பெற்றோர் விஷயத்திலும் தடுமாறுவார்கள். கத்தோலிக்கத் திருமுழுக்கில் ஞானத்தாயோ ஞானத்தந்தையோ ஒருவராவது உறுதிப்பூசுதல் பெற்ற, பதினாறு வயது கடந்த கத்தோலிக்கராக இருக்க வேண்டும். மெதடிஸ்த மாமா அவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். சைவ மாமா பெயரளவில் நிற்க முடியாது, விருந்தில் முதல் வரிசையில் இருக்கலாம்.

பிள்ளை பாடசாலை போகும்போது இதன் அடுத்த கட்டம் வரும். பரீட்சையில் "கத்தோலிக்கத் திருமறை" ஒரு பாடம், "கிறிஸ்தவம்" இன்னொரு பாடம். சபை மாறினால் பாடமும் மாறும். பத்தாம் தரத்தில் மாறினால் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம்தான் கைவசம். எல்லாப் பாடசாலையிலும் இரண்டுக்கும் ஆசிரியர் இருப்பதில்லை. கோயிலில் நடக்கும் மறைக்கல்வியோ ஞாயிறு பாடசாலையோ அந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்குப் பலமானதா என்று பாருங்கள். 1960, 1961 சட்டங்களால் அரசு பொறுப்பேற்ற முன்னாள் மிஷன் பாடசாலைகளில், பொறுப்பேற்ற காலத்து மத விகிதம் முதலாம் தர அனுமதியில் கணக்கில் எடுக்கப்படும். அதற்காக அவசரமாக ஞானஸ்நானம் எடுப்பவர்களைக் குருவானவர்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

யாருடைய சபை, யாருடைய கணக்கு

வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி 1814 இல் மட்டக்களப்பில் இறங்கி, ஒரு வருடமும் நிறையாமல் 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். அவர் தொடங்கிய பாடசாலை இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஆள் போனார், வேலை நிலைத்தது. மெதடிஸ்தரிடமும் கத்தோலிக்கரிடமும் இதே அமைப்புத்தான் இன்னும் இருக்கிறது. போதகரும் பங்குத்தந்தையும் சில வருடத்துக்கொருமுறை மாற்றலாகிப் போவார்கள். பிரசங்கம் பிடிக்காவிட்டால் பொறுத்திருக்கலாம், பிடித்தவர் போய்விட்டாலும் கோயில் இருக்கும். சுயாதீன சபையில் பாஸ்டர் மாறுவதில்லை. தொடங்கியவரே நடத்துவார், பிறகு அவருடைய மகன். அவர் நல்லவராக இருந்தால் அந்த நெருக்கத்துக்கு ஈடில்லை. வீட்டில் காய்ச்சல் என்றால் இரவு பதினொரு மணிக்கும் மோட்டார் சைக்கிளில் வந்து ஜெபிப்பார். பெரிய பங்கில் அது கிடைக்காது. அவரோடு முரண்பட்டால் முறையிட மேலே ஒருவரும் இருக்கமாட்டார் என்பதுதான் மறுபக்கம். "உங்களுக்கு மேல் யார் பாஸ்டர்?" என்று மரியாதையாகவே கேளுங்கள். "கர்த்தர்" என்ற ஒற்றைச் சொல் மட்டும் பதிலானால் அடுத்த கேள்வி காணி உறுதி யாருடைய பெயரில் என்பது.

அது உண்மையிலேயே முக்கியம். சபை பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டதா, கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்ததா, பெரிய சபை ஒன்றின் கிளையா, ஒன்றுமே இல்லையா? வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பிய காசில் கட்டிய மண்டபம் பாஸ்டரின் சொந்தப் பெயரில் இருந்தால், அவர் இறந்த மறுவருடம் அது அவருடைய பிள்ளைகளின் சொத்து. வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும், அந்த இரண்டும் கணவனும் மனைவியுமாக இருக்கக் கூடாது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்க வேண்டும். பற்றுச்சீட்டு வேண்டும்.

தசமபாகம் கேட்கும் சபையில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள். மாதம் 60,000 ரூபா சம்பளம் என்றால் 6,000 அங்கே. அதன் மேல் கட்டட நிதி, மிஷன் காணிக்கை, பிறந்தநாள் நன்றிக் காணிக்கை. வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் ரியூசனுக்கும் பிறகு அது மிஞ்சுமா? கொடுக்க விரும்பிக் கொடுப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர், அதைக் குறை சொல்லவில்லை. சம்பளச் சிட்டையைக் காட்டச் சொல்வது, கொடாதவரின் பெயரை மேடையில் சொல்வது, கடன் வாங்கி விதைத்தால் நூறு மடங்கு வரும் என்பது: இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். கத்தோலிக்க, மெதடிஸ்தப் பக்கம் இந்த நெருக்குதல் குறைவு. அங்கே வேறு வருத்தம்: திருவிழாச் செலவு, கொடி, லைட், வெடி, யார் பெயர் முதலில் வாசிப்பது என்ற போட்டி.

மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்தச் சபையிலும் ஒரு நோயாளியை விட்டு வைக்கக் கூடாது. சீனி வருத்தக்காரருக்கு மூன்று நாள் உபவாசம் வைத்து இன்சுலினை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எந்தத் தாதியும் சொல்லுவார். வலிப்பு மருந்தும் மனநோய் மருந்தும் அப்படித்தான். ஜெபிக்கட்டும், மருந்தும் ஓடட்டும் என்று சொல்லும் போதகர்கள்தான் பெரும்பான்மை, அவர்களைத் தேடுங்கள்.

வீட்டுச் சபைகளுக்குள் இருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். விரும்பிய மதத்தைப் பின்பற்றும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தருகிறது. புதிய வழிபாட்டு இடம் அமைப்பதற்கு அனுமதி வேண்டுமென 2008 இல் வந்த சுற்றறிக்கையைக் காட்டி, அயலவர் முறைப்பாடு செய்யும்போது அதிகாரிகள் வருவதும் நடக்கிறது. முறைப்பாட்டின் உண்மைக் காரணம் பல தடவை ஒலிபெருக்கிதான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருக்கும்போது முழு இரவு ஜெபத்துக்கு வாசலை நோக்கிப் பெட்டி வைக்கும் சபை, அயலை வெல்லப் போவதில்லை.

புத்தகமும் நாக்கும்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, முதல் நாளே இடறுவது இதில்தான். கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995 இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், 73 நூல்கள். மற்றச் சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பு, 66 நூல்கள். ஒரு பக்கம் தொடக்கநூல், விடுதலைப் பயணம். மறுபக்கம் ஆதியாகமம், யாத்திராகமம். "யாத்திராகமம் இருபது" என்று அறிவிக்கும்போது திருவிவிலியத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் வாசகம் முடிந்துவிடும். ஒரு பக்கம் ஆண்டவர், தூய ஆவி. மறுபக்கம் கர்த்தர், பரிசுத்த ஆவி. பழைய கத்தோலிக்கப் பெரியவர்கள் இன்னும் அருளப்பர், சின்னப்பர், இராயப்பர் என்பார்கள், அவர்கள்தான் மற்றவர்களின் யோவான், பவுல், பேதுரு. கர்த்தருடைய ஜெபமே இரு விதம். ஒரு பக்கம் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே", மறுபக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே." வாய் பழகியதை மாற்ற ஒரு வருடமாவது எடுக்கும். வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு சபை மாறுபவர்கள் இதை நினைக்க வேண்டும். அவருக்குச் செபம் என்பது பொருளைவிட வாயில் ஊறிய ஓசை.

கல்முனை, பாண்டிருப்பு, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் தமிழ் ஆராதனைக்குக் குறைவில்லை. அம்பாறை நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர் எந்த நேரம் எந்த மொழியில் என்று கேட்டுவிட்டே போக வேண்டும், சிங்களத்தில் மட்டும் இருக்கலாம். கத்தோலிக்கருக்கு மட்டக்களப்பு, அம்பாறை இரு மாவட்டமும் ஒரே மறைமாவட்டம். 2012 இல் திருகோணமலையில் இருந்து பிரிந்தது. ஆகவே சொறிக்கல்முனை திருச்சிலுவைத் திருத்தலத்துக்கும் ஆயித்தியமலை சதா சகாய மாதாவுக்கும் ஒரே ஆயர்தான். செப்டம்பர் மாதம் இரண்டிலும் திருவிழா.

போய்ப் பார்ப்பது

நத்தார், உயிர்த்த ஞாயிறு, கொடியேற்றம், கன்வென்சன் நாட்களில் போய் முடிவெடுக்க வேண்டாம். அந்நாட்களில் எல்லாக் கோயிலும் நல்ல கோயில். நாலு சாதாரண ஞாயிறு ஒதுக்குங்கள். ஒன்று திருவிருந்து உள்ள ஞாயிறாக இருக்கட்டும். மெதடிஸ்தரிடம் அது பெரும்பாலும் மாதத்தின் முதல் ஞாயிறு, கத்தோலிக்கரிடம் ஒவ்வொரு பூசையும். ஒன்று, போதகர் ஊரில் இல்லாத ஞாயிறு. அவர் இல்லாமல் சபை எப்படி நடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். ஒன்று, சிரமதானமோ கூட்டமோ இருக்கும் நாள். மிச்சம் ஒன்று சும்மா.

பதினைந்து நிமிடம் முன்னர் போங்கள், முடிந்து இருபது நிமிடம் நில்லுங்கள். வாசலில் செருப்புக் குவிந்திருந்தால் கழற்றுங்கள். பெண்கள் முக்காடு போட்டிருந்தால் சேலைத் தலைப்பையோ ஒரு சால்வையையோ எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பூசையில் நற்கருணை (அங்கே திருவிருந்துக்குப் பெயர்) கத்தோலிக்கருக்கு மட்டும். மற்றவர் ஆசனத்திலேயே இருக்கலாம், அதில் வெட்கமில்லை. கத்தோலிக்கரானால் வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே சாப்பாட்டை நிறுத்தியிருக்க வேண்டும், தண்ணீரும் மருந்தும் எடுக்கலாம். ஞாயிறு வேலை இருப்போருக்கு சனி மாலைப் பூசை ஞாயிறுக் கடமைக்குச் சமன். மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் ஞானஸ்நானம் பெற்ற விருந்தினரைப் பொதுவாக மேசைக்கு அழைப்பார்கள். அழைத்தால் போங்கள்.

பூசை ஒரு மணி நேரம், மெதடிஸ்த ஆராதனை ஒன்றரை, பெந்தெகொஸ்தே இரண்டரை முதல் மூன்று. கைக்குழந்தை இருந்தால் இந்த வித்தியாசமே பாதி முடிவு. தகரக் கூரைச் சபையில் மே மாதம் பத்து மணிக்குப் பிறகு குழந்தை இருக்குமா என்று மே மாதத்திலேயே பாருங்கள். மார்கழி மழையில் அந்த ஒழுங்கையால் போகலாமா என்று மார்கழியில் பாருங்கள். பஸ் ஞாயிற்றுக்கிழமை குறைவு. ஓட்டோக்காசு மாதம் நாலு தரம், போகவர. அதையும் கணக்கில் சேருங்கள்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலை சீயோன் சபையில் நடந்த குண்டுத் தாக்குதலில் சிறுவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பெரிய நாட்களில் பையைச் சோதிப்பதும் வாகனத்தை வெளியே விடச் சொல்வதும் வழமையாகிவிட்டது. வாசலில் புதியவரை நிறுத்திப் பெயர் கேட்டால் அவமானமாக எடுக்க வேண்டாம். அந்த ஊரில் அந்தக் கேள்விக்கு விலை கொடுத்திருக்கிறார்கள். பெரிய பையைத் தவிருங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஞாயிறு பாடசாலை நடக்கும் அறைக்கு இரண்டாவது வாசல் இருக்கிறதா, பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, கதவு திறந்திருக்கிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். இது குண்டுக்கு மட்டுமான கேள்வியல்ல.

முடிந்த பிறகு நிற்கும் அந்த இருபது நிமிடத்தில் கவனியுங்கள். யார் யாரோடு கதைக்கிறார்கள்? பறங்கிக் குடும்பம், தோட்டப்புறத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம், கடற்கரைக் குடும்பம், உத்தியோகத்தர் குடும்பம் தனித்தனி வட்டமாக நிற்கிறார்களா? "எந்த ஊர் மனே, யார்ர புள்ள?" என்ற கேள்வி நம் பக்கத்தில் அன்பாகவும் வரும், சாதி அறியவும் வரும். அடுத்த வாரம் அதே ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் எது என்று தெரியும்.

பழைய இடத்தை விடுதல்

சொல்லாமல் நின்றுவிடுவதுதான் நம் வழக்கம். அதனால் பிறகு கடிதம் வேண்டிய நாளில் முகம் கொடுக்க முடியாமல் போகிறது. பழைய பாதரையோ போதகரையோ நேரில் கண்டு, போகிறோம் என்று சொல்லி, ஞானஸ்நான, திடப்படுத்தல் (உறுதிப்பூசுதல்) சான்றிதழ்களின் புதிய பிரதியும் அங்கத்துவ மாற்றக் கடிதமும் கேட்டு வாங்குங்கள். கத்தோலிக்கர் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு வந்தால் புதிய பங்கில் குடும்ப அட்டை போட்டு, அன்பியம் (அயல் குடும்பங்களின் சிறு குழு) எது என்று கேட்டுப் பதிய வேண்டும். பதியாதவருக்குப் பாதர் பூசை வைக்காமல் விடமாட்டார், ஆனால் கடிதம் எழுத அவருக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

கத்தோலிக்கக் கோயில் ஒன்றை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் நவம்பர் 2 வரை பொறுங்கள். சகல ஆத்துமாக்கள் நாள். மாலையில் அந்தப் பங்கின் சேமக்காலைக்குப் போங்கள், மழைக்காலம், குடை வேண்டும். கல்லறை வெள்ளையடித்து, பூவைத்து, மெழுகுதிரி கொளுத்தியிருப்பார்கள். சொந்தமில்லாத கல்லறைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றின் புல்லை யாராவது வெட்டியிருக்கிறார்களா, ஒரு திரியாவது எரிகிறதா என்று பாருங்கள்.